தலைவர்கள் சம்பந்தி, தொண்டர்கள் பகை

ஆண்ட்ராய்டா, ஐபோனா என்று டீக்கடையில் வாய் தவறிக் கேட்டால் போதும், கட்சிக் கூட்டம் தோற்றுவிடும். ஐபோன்காரர் போனைக் கவிழ்த்தே வைப்பார். ஆப்பிள் முத்திரைக்குக் காற்று வேண்டாமா? சார்ஜர் மட்டும் இரவல். (2023-இல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியபின் எதிர்க்கட்சியிடமே வாங்கிக்கொள்ளலாம், ஐரோப்பியச் சட்டத்தின் புண்ணியம்.) ஆண்ட்ராய்டுக்காரரோ செட்டிங்ஸில் ஆயிரம் வசதி என்பார், மாற்றியது வால்பேப்பர் ஒன்றைத்தான். இவர்கள் முறைத்துக்கொண்டிருக்க, சஃபாரியில் தன் தேடலே முதலில் நிற்பதற்காக 2022-இல் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு. தலைவர்கள் எப்போதோ சம்பந்தியாகிவிட்டார்கள், தொண்டர்கள்தாம் இன்னும் பேசிக்கொள்வதில்லை. எதை வாங்கினாலும் நீங்கள் நாளெல்லாம் பார்க்கப்போவது வாட்ஸ்அப்தான். மாதத் தவணை கட்ட முடியுமா என்பதை மட்டும் யோசியுங்கள்.