தீவாந்தரச் சக்கரவர்த்தி

உலகத்தை ஆள வேண்டும் என்னும் ஆசையானது மனிதனுக்கு இளமையில் தோன்றி, கல்யாணத்தால் தணிந்து, உத்தியோகத்தால் ஒடுங்கி, ஓய்வூதியம் வாங்கும் பருவத்தில் மறுபடியும் துளிர்க்கிறது என்பது என் சித்தாந்தம். அவ்விதம் துளிர்க்கப் பெற்ற பெரியவர்களிற் சிலர் கோயில் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கிறார்கள். அதற்குரிய தொண்டை பலம் இல்லாத என் போன்றாருக்காக, சிட் மையர் என்னும் புண்ணியவான் 1991-ஆம் ஆண்டிலேயே ‘சிவிலைசேஷன்’ என்ற கணினி ஆட்டத்தைச் செய்து வைத்திருக்கிறார். கி.மு. 4000-இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தையும், அதற்குக் காவலாகத் தடி பிடித்த வீரன் ஒருவனையும் நம்மிடம் ஒப்படைத்து, “இனி உன் சமர்த்து” என்று ஒதுங்கிக் கொள்ளும் இவ்வாட்டம், சக்கரம் கண்டுபிடிப்பதில் தொடங்கி விண்கலம் ஏவுவது வரையில் ஆறாயிரம் ஆண்டுச் சரித்திரத்தை நம் மேஜை மீதே நடத்திக் காட்டுகிறது. முறை வைத்து ஆடும் ஆட்டம் ஆதலால், நாம் நம் காரியத்தை முடித்துப் பொத்தானை அழுத்தும் வரையில் எதிரி அரசர்கள் வாளை ஓங்கியபடியே காத்திருப்பார்கள். இடையில் எழுந்து போய்க் கோப்பி கலக்கலாம், மருந்து மாத்திரை விழுங்கலாம், ஒரு சிறு தூக்கமும் போடலாம். முதியோருக்கு இதைவிடச் சௌகரியமான யுத்தம் வேறில்லை.

ஆனால் இந்த ஆட்டத்தில் உலகப் படம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் பெரிய கண்டம் ஒன்றில், அண்டை அயலாரோடு, பண்டமாற்றுக்கும் சண்டைக்கும் பஞ்சமில்லாத சூழலில் அவதரிக்கலாம். இல்லாவிட்டால், நாற்புறமும் சமுத்திரம் சூழ்ந்த தன்னந்தனித் தீவு ஒன்றில், மனித வாடையே இல்லாமல், மீனும் நண்டும் சாட்சியாக முடி சூட்டிக்கொள்ள நேரும். எனக்கு வாய்த்தது பின்னது. ஆட்டத்தை எனக்குக் கற்றுத் தந்த என் பேரன், விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், பொழுது சாய்ந்தபின் நெரிசலில் நசுங்கித் திரும்புகிறவன். தோள் பையைக்கூட இறக்காமல் திரையை ஒரு நோக்கு நோக்கினான்.

“ரீஸ்டார்ட் பண்ணிடுங்க தாத்தா. இந்த மேப்புல ஒண்ணும் ஆகாது.”

“ஏன்டா? நல்ல தீவுதானே. நெல்லு இருக்கு, மீன் இருக்கு.”

“ஆளு இல்லியே தாத்தா! யாருகிட்ட டிரேட் பண்ணுவீங்க?”

அவன் சொன்னதில் சாரம் உண்டு. நாங்கள் ஆடுவது 2005-இல் வெளிவந்த நான்காம் பதிப்பு. அதில் அரசர்கள் தம்முள் வித்தைகளையே பண்டமாற்றுச் செய்துகொள்வார்கள். இரும்பு உருக்கத் தெரிந்தவன் அதைக் கொடுத்துக் கணிதம் பெறுவான். கணிதம் பெற்றவன் அதையே வேறொருவனுக்கு விற்று நாட்காட்டி வாங்குவான். தனித்தீவு அரசனோ அகரம் முதலாக யாவற்றையும் தன் சொந்த மூளையைக் கொண்டே கண்டுபிடித்தாக வேண்டும். இதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கடலைக் கண்டதும் படத்தைக் கலைத்துவிட்டு வேறு உலகம் கேட்கிறார்கள். நான் இசையவில்லை. பிறந்த இடம் சரியில்லை என்று மறுபிறவிக்கு மனுப் போடும் வசதி உலகில் இருந்திருக்குமானால், குளுவாங்கிற்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்த நான் அதை என்றைக்கோ உபயோகித்திருப்பேன். அத்தோட்டமும் ஒரு தீவாகவே இருந்தது: கண்ணுக்கெட்டிய மட்டும் ரப்பர் மரமே சமுத்திரம்; நடுவே மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, கிராணியார் வீடு, எந்த நோய்க்கும் ஒரே மருந்து கலக்கிக் கொடுக்கும் டிரசர்; வெளியுலகத்தோடு தொடர்புக்கு, சம்பளம் போட்ட மறுநாள் பட்டணம் போகும் ஒரு லோரி. அந்த லோரியில் இடம் பிடித்து வெளியேறியவன், கேவலம் ஒரு கணினித் தீவுக்கா அஞ்சுவேன்?

ஆட்சியின் முற்பகுதி ஆனந்தமாகவே கழிந்தது. நான் தேர்ந்துகொண்ட தலைவர் காந்தியடிகள். (இவ்வாட்டத்தின் முதற்பதிப்பில் மகாத்மாவானவர் திடீரென்று அணுகுண்டுப் பிரியராக மாறிவிடுவார் என்று நெடுங்காலம் உலாவிய கதையை, 2020-இல் வெளியிட்ட தம் சுயசரிதையில் மையரே மறுத்திருக்கிறார், ஆகவே நான் துணிந்து தேர்ந்துகொண்டேன்.) நகரங்களுக்கு நம் ஜொகூர் மாநிலத்துப் பெயர்களையே சூட்டினேன்; நிஜ உலகில் கடற்காற்றே படாத சிகாமாட்டுக்கு, என் ராஜ்யத்தில் துறைமுகமும் கலங்கரை விளக்கமும் கிடைத்தன. அண்டை அரசரிடமிருந்து ஓலை இல்லை, மிரட்டல் இல்லை, எல்லைத் தகராறு இல்லை. திரையின் மூலையில் உலக அரசர்களின் தர வரிசை எந்நேரமும் தோன்றிக்கொண்டிருக்கும்; நாம் சந்தித்த அரசர்கள் மட்டுமே அதில் இடம் பெறுவார்கள் என்பது விதி. நான் யாரையும் சந்திக்காத காரணத்தால் அப்பட்டியலில் என் பெயர் மட்டுமே இருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இடைவிடாது முதலிடம் வகித்தேன். ஒருவரே ஓடும் பந்தயத்தில் முதற்பரிசு பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதை, எங்கள் ஊர்ச் சங்கங்கள் சிலவற்றின் தலைவர் தேர்தல்களைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஏகாந்தத்துக்கும் சில உபத்திரவங்கள் உண்டு. முதலாவது, பிரஜைகளின் முகவாட்டம். தங்கமும் பட்டும் வாசனைத் திரவியமும் அயல்நாட்டிலிருந்து வந்தாலன்றி அவர்களுக்கு மனம் நிறையாது. வருவதற்கோ அயல்நாடே இல்லை. இதற்குப் பரிகாரமாக ஆட்டம் அருளியிருப்பது பரம்பரை முடியாட்சி: அம்முறையை ஏற்றுக்கொண்டால், ஊருக்குள் நிறுத்தும் ஒவ்வொரு படைக்கும் ஒவ்வொரு முகம் மலரும். எதிரி என்று ஒரு பூனைக்குட்டியும் இல்லாத தீவில், அஹிம்சா மூர்த்தியான காந்தியடிகளின் ஆட்சியில், தெருத் தெருவாக வேலும் வில்லும் ஏந்திய சிப்பாய்கள் நிற்க, அவர்களைக் கண்டு ஜனங்கள் பூரித்துப் போனார்கள். இரண்டாவது, காட்டுமிராண்டிகள். இவர்கள் எங்கிருந்தும் வருவதில்லை. நம் பார்வை படாத நிலத்தில் தாமாகவே முளைக்கிறார்கள். மலை உச்சியில் ஒரு காவற்காரனை நிறுத்திவிட்டால், அவன் கண்ணுக்கு எட்டிய வட்டத்தில் ஒருவனும் முளைப்பதில்லை. அவனை இறக்கிவிட்டு முதுகைத் திருப்பினால், கோடரியோடு நாலு பேர் வந்து நெல்வயலை மிதித்துப் போவார்கள்.

மூன்றாவது உபத்திரவம்தான் உள்ளத்தைத் தைப்பது. பெரிய நூல்நிலையம் ஒன்றைக் கட்டி அழியாப் புகழ் பெறலாம் என்று, தலைநகரத்து வருவாய் அனைத்தையும் அதில் கொட்டி, இன்னும் இரண்டு சுற்றில் கும்பாபிஷேகம் என்ற நிலையில் நாம் வீற்றிருக்கும்போது, “தூரதேசம் ஒன்றில் அந்த நூல்நிலையம் கட்டி முடிந்துவிட்டது” என்று திரையில் ஒரு வரி ஓடும். அதிசயங்கள் உலகுக்கு ஒவ்வொன்றே. எவன் முந்துகிறானோ அவனுக்கே அது. கட்டியவன் யார், அவன் தேசம் எத்திக்கில் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. கொட்டிய உழைப்புக்கு ஈடாகக் கொஞ்சம் காசு மட்டும் கஜானாவில் வந்து விழும். அன்று நான் திரையைப் பார்த்து உரக்கக் கூறிய வார்த்தைகளைக் கேட்டு, “பசியாற வாங்கன்னு கூப்பிட்டா யாரை ஏசுறீங்க?” என்று சமையலறையிலிருந்து என் மனைவி வினவினாள். யாரை என்று எனக்கே தெரியவில்லையே!

உலகம் என்னைக் கேளாமலே நடந்துகொண்டிருக்கிறது என்ற ஞானம் இவ்வாறு உதயமான பின், கப்பல் சாஸ்திரத்தில் கருத்தைச் செலுத்தினேன். ஆதிக் கப்பலான துடுப்புக் கலம் கரையை ஒட்டியே ஊரும். ஆழ்கடலில் அடியெடுத்து வைக்காது. தீவை எத்தனை முறை வலம் வந்தாலும் அதே தென்னை, அதே பாறை. திசைகாட்டியும் இயந்திர நுட்பமும் கற்று, அதன்மேல் ஒளியியலும் பயின்றால்தான் ‘காரவெல்’ என்னும் பாய்க்கப்பல் கைகூடும். அதுவே ஆழ்கடல் தாண்டி அயலாரைக் கண்டுவரும். ஆகவே தனித்தீவு அரசனுக்குரிய உபாயம் ஒன்றே: மற்ற வித்தைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு, ஒளியியலை நோக்கி மூச்சைப் பிடித்து ஓடுவது.

ஓடினேன், கப்பல் சென்றது, தர வரிசையில் என் தலைக்கு மேல் பெயர்கள் வரிசையாக முளைத்தன. இஸபெல்லா மகாராணியார் அறிமுகமான சில சுற்றுகளுக்குள்ளாகவே, தம் மதத்துக்கு மாறும்படி தாக்கீது அனுப்பினார். ஆயினும் ஏகாந்தத்தின் பலன்கள் அப்போதுதான் புலப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளாக ஒருவர் எல்லையை ஒருவர் கடித்துக்கொண்டிருந்த அரசர்களிடையே, பழம்பகை ஏதுமற்றவன் நான் ஒருவனே, எல்லோருடனும் பேசலாம். மேலும் அவர்கள் கவனியாது விட்ட வித்தைகள் சில என் கைவசம் இருந்தன. அவற்றை விற்பதற்கு ஒரு நுட்பம் உண்டு: ஒரே வித்தையை ஒரே சுற்றில் எல்லோருக்கும் விற்றுவிட வேண்டும், தாமதித்தால், காலையில் நம்மிடம் வாங்கியவனே மாலையில் நம் சரக்கை விற்கத் தொடங்கிவிடுவான். ஒரு வித்தையைக் கொடுத்து மூன்றைப் பெற்ற நாளன்று, பேரன் பையை இறக்கி வைத்துவிட்டு என் அருகில் உட்கார்ந்தான்.

இவ்வளவையும் நான் கற்றது கணினியில் மட்டுமன்று. ஜொகூர் பாருவில் வசிப்பவனுக்கு இப்பாடத்தின் செயல்விளக்கம் கடற்கரையிலேயே கிடைக்கிறது. நீர்ச்சந்திக்கு அக்கரையில் தெரியும் சிங்கப்பூர்த் தீவையும் நம் கரையையும் 1,056 மீட்டர் நீளமுள்ள கடற்பாலம் 1923 முதல் இணைத்திருக்கிறது. 1942 ஜனவரி 31-ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷார் அதில் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, இனி கடலே காக்கும் என்று அக்கரையில் அமர்ந்தார்கள். ஜப்பானியத் தளபதி யமஷித்தாவோ நம் புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் ஏறி நின்று அத்தீவை நிதானமாகப் பார்வையிட்டார். பிப்ரவரி 8 இரவு அவர் சேனை படகேறியது. 15-ஆம் நாள் தீவு சரணடைந்தது. படகுள்ளவனுக்குக் கடல் பாதையே அன்றி மதிலன்று.

அதே தீவு, 1965 ஆகஸ்டு 9-ஆம் தேதி, மலேசியாவிலிருந்து பிரிந்து, குடிதண்ணீருக்கும் நம் மாநிலத்தை நம்பிய நிலையில், சுமார் 580 சதுர கிலோமீட்டர் நிலத்தோடு தனிநாடாகத் தன் ஆட்டத்தைத் தொடங்கியது. ரீஸ்டார்ட் பொத்தான் எவரும் அதற்குக் கொடுக்கவில்லை. முதல் வெளியுறவு அமைச்சராக அமர்ந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் என்னும் தமிழர். ஆறே வாரத்தில், செப்டம்பர் 21 அன்று, அந்நாடு ஐக்கிய நாடுகள் சபையில் அங்கம் பெற்றுவிட்டது. 1967-இல் பாங்காக்கில் ஆசியான் பிறந்தபோது கையொப்பமிட்ட ஐவருள் அவரும் ஒருவர். கப்பல் அனுப்பும் வேலையை அவர்கள் மூன்றாயிரம் ஆண்டு தள்ளிப் போடவில்லை. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னரே, நம் ஜொகூரை ஆண்ட அபு பக்கார், வெள்ளைக்காரன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வீட்டில் இராமல், 1866-இல் தாமே இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய்ப் பெரிய இடத்து அறிமுகங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் காலம் முழுதும் பிரிட்டிஷ் ரெசிடெண்டு எவரும் ஜொகூரில் கால் ஊன்ற முடியவில்லை.

கணினி ஆட்டத்துக்குத் திரும்பினால், 2025-இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் தனித்தீவு அரசனின் சங்கடத்தைச் சர்வஜன சம்பந்தமாக்கிவிட்டார்கள்: ஆதி யுகத்தில் யாருடைய கப்பலும் ஆழ்கடலைத் தாண்ட முடியாது, எல்லோரும் அவரவர் கண்டத்தில் கட்டுண்டே கிடக்க வேண்டும். அடுத்த யுகம் பிறந்து கடல் திறக்கும்போது, ஆடுவோர் தேர்ந்துகொள்ளக்கூடிய ராஜ்யங்களில் ஒன்றாகச் சோழர் வந்து நிற்கிறார்கள். 1025 வாக்கில் கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திரனின் குலத்துக்கு அது பொருத்தமான முகூர்த்தமே.

ஆகையால், தனித்தீவில் கண் விழிக்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவே. படத்தைக் கலைக்காதீர்கள். தீவு நமக்குத் தருவது அவகாசம்; அதைக் காப்பு என்று எண்ணிக் கோயிலும் கோபுரமுமாகக் கட்டித் தூங்கியவனை, யாராவது ஒருவன் ஒரு நாள் கப்பலில் வந்து எழுப்புவான். இரண்டாவது கோயிலுக்குக் கால்கோள் செய்யுமுன் திசைகாட்டியைக் கற்றுக்கொள்ளுங்கள். அதிசயங்களையெல்லாம் எவனோ தூரதேசத்தில் கட்டி முடித்துவிட்டுப் போகட்டும். நமக்கு வேண்டிய கப்பலை மட்டும் வேறெவனும் கட்டித் தரமாட்டான்.