பிரபுக்களும் பெருங்கப்பல்களும்

பிரிட்டிஷ் கடற்படைத் தலைவருக்கு ‘முதல் கடல் பிரபு’ என்று பட்டம். 2025-இல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் மரைன் படை ஜெனரல், அட்மிரல்கூட அல்ல. பட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. 1914-க்கும் 1928-க்கும் இடையில் பெரும் போர்க்கப்பல்கள் 62-இலிருந்து 20 ஆகச் சுருங்க, தலைமையக அதிகாரிகள் 2,000-இலிருந்து 3,569 ஆகப் பெருகியதைப் பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். கப்பல் போனாலும் பதவி மிதக்கும்.

பட்டங்களுக்கு ஏற்ற கப்பலும் வேண்டுமே! 65,000 டன் விமானந்தாங்கிக் கப்பல் ‘குயின் எலிசபெத்’ 2021-இல் ஆசியாவுக்கு வந்தபோது சுமந்த 18 எஃப்-35 விமானங்களில் 10 அமெரிக்காவுடையவை. இலை நம்முடையது, சோறு அடுத்த வீட்டுடையது. “தளம் பெரிதானால் விமானங்கள் சட்டுச்சட்டென்று ஏறி இறங்கலாம், இரும்பு மலிவுதானே” என்பார்கள். நியாயந்தான். விமானமும் காவல் கப்பலும் மாலுமியும் அல்லவா மலிவில்லை! சரி, இப்படிப்பட்ட கப்பல் இரண்டு எதற்கு? 2022-இல் இரண்டாவதான ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ போர்ட்ஸ்மவுத்தை விட்டுக் கிளம்பி, வைட் தீவுப் பக்கத்திலேயே உந்துதண்டு இணைப்பு பழுதாகி நின்றது. 2024-இல் நேட்டோ பயிற்சிக்குக் கிளம்பவிருந்த ‘குயின் எலிசபெத்’துக்கும் அதே உந்துதண்டு வியாதி, அதற்குப் பதிலாக ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ அவசர அவசரமாகப் போனது. இரண்டு தேவை என்று வாதாடியவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.