வாழைப்பூ ஜீன்ஸ்

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய பிறந்தநாள் பார்சலை மயிலாப்பூர் வீட்டுக் கட்டிலில் பிரித்துப் போட்டபோது, உள்ளே இருந்த ஜீன்ஸ் மற்ற ஜீன்ஸ்களைப் போல நேராகப் படுக்க மறுத்தது. இரண்டு கால்களும் அடைப்புக்குறிகளாக வெளிப்பக்கம் வளைந்து கிடந்தன. நடுவில் ஏதாவது எழுதிக்கொள்ளலாம் போலிருந்தது.

“என்னடி இது, ரெண்டு வாழைப்பூவைத் தொங்கவிட்ட மாதிரி?” என்றார் 76 வயது அம்மா.

கடைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பேரல் ஜீன்ஸ். அதை உடுத்த வேண்டியவருக்கு வயது 49. அவர்தான் இதை எழுதுகிறவர் என்பதை இத்தோடு மறந்துவிடுவது நல்லது. மானத்தை உத்தேசித்து, இனி அவர் இந்தக் கட்டுரையில் ‘அவர்’ மட்டுமே.

பேரல் என்றால் பீப்பாய். பெயருக்கேற்ப, இடுப்பில் பிடிக்கும், தொடையில் விலகும், முட்டியில் முழுசாக உப்பும், கணுக்காலுக்கு வரும்போது தவறு செய்துவிட்டதைப் போலச் சுருங்கிக்கொள்ளும். வெறும் தொளதொளப்பு இல்லை இது. பக்கவாட்டுத் தையலையே வில்லாக வளைத்து வெட்டுவதால் வருகிற உருவம். 2024 வாக்கில் உலகத்துக் கடைகளையெல்லாம் நிரப்பிய வெட்டு, அவர் கட்டிலுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகியிருந்தது.

அவர் ஒன்றும் ஜீன்ஸுக்குப் புதியவர் அல்ல. 1994-இல் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவா தொளதொள பேண்ட்டில் எலும்பே இல்லாமல் ஆடியபோது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டு அகமதாபாத் அரவிந்த் மில் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று ஒரு பொட்டலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்னால் ஒட்டும் பட்டை எல்லாம் இருக்கும். தைப்பது நம் தெரு டெய்லரின் பொறுப்பு. நாடெங்கும் நன்றாக விற்ற இந்த யோசனை, அவருக்கு வாய்த்த டெய்லரிடம் மட்டும் கொஞ்சம் வழிமாறிவிட்டது. வங்கி மேலாளர் போட்டுக்கொள்வதற்கென்று தைத்தது போன்ற ஒரு பேண்ட், நடுவில் கத்தி மடிப்போடு வந்தது. “உள்ளே ரெண்டு இஞ்ச் விட்டிருக்கேன்மா, கல்யாணத்துக்கப்புறம் பிரிச்சுக்கலாம்” என்று தொலைநோக்கோடு சொல்லியும் அனுப்பினார் டெய்லர்.

பிறகு இடுப்பு இறங்கும் காலம் வந்தது. 1990-களில் லண்டனில் அலெக்சாண்டர் மெக்குவீன் ‘பம்ஸ்டர்’ என்ற பெயரில் பேண்ட்டின் இடுப்பை அபாயகரமான ஆழத்துக்கு இறக்கிக் காட்ட, பத்தாண்டுக்குள் அந்தச் சரிவு கொஞ்சம் அடக்கத்தோடு தி.நகர் வரை வந்துவிட்டது. இடுப்பெலும்பில் தொங்கும் ஜீன்ஸை, உட்காரும்போதெல்லாம் பின்பக்கம் கைவைத்துச் சரிபார்த்தபடியே அவர் ஒரு தசாப்தம் ஓட்டினார்.

அதற்கடுத்து ஸ்கின்னி. கால் நுழையாத இடத்தில் காலை நுழைக்க, சுடிதார் காலத்து வித்தையே கைகொடுத்தது: பாதத்தில் பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு வழுக்கி இறக்குவது. மிச்ச உதவி ஸ்பாண்டெக்ஸுடையது. 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த அந்த இழையைப் பருத்தியோடு இரண்டு சதவீதம் கலந்தால் போதும், டெனிம் விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடும். பண்டிகைப் பலகாரங்கள் உள்ளே போன எத்தனையோ ஆண்டுகளை அந்த இரண்டு சதவீதம்தான் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டது.

புதிதாக வந்ததோ 100 சதவீதப் பருத்தி. விட்டுக்கொடுக்கிற வழக்கமே இல்லாத துணி.

முதல் சோதனையில், எந்த ஜீன்ஸுக்கும் மேலே போடும் நீளக் குர்தாவைப் போட்டார். குர்தா முட்டி வரை மூடிக்கொள்ள, கீழே துருத்திய பாகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண், “பாட்டியாலாவா ஆன்ட்டி? டெனிம்ல கூட வருதா?” என்று கேட்டாள். மறுநாள் கணவரின் தொளதொளச் சட்டையை வெளியே விட்டுப் பார்த்தார். மேலே ஒரு தலையணை உறை, கீழே இரண்டு. மூன்றாம் நாள் தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூ. கால் சுருங்கும் இடத்தில் ஷூ பெருக்க, நிலைக்கண்ணாடியில் தெரிந்தவை இரண்டு மணல் கடிகாரங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. உப்ப வேண்டியது முட்டியில்; அவருக்கு உப்பியது கெண்டைக்காலில். உயரம் ஐந்தடி ஒரு இஞ்ச் என்பதால் நீளம்தான் கூடுதல் என்று முடிவுகட்டி, ஆல்டரேஷன் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் ஜீன்ஸைத் தூக்கிப் பிடித்து, நோய் பிடிபட்ட டாக்டரைப் போலத் தலையாட்டினார்.

“கட்டிங்கே தப்பு மேடம். முட்டிகிட்ட ரொம்ப லூசு. புடிச்சுத் தந்துடவா?”

சாக்குக்கட்டி தையலை நெருங்கியேவிட்டது. அவர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதையே மாட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போன் போட்டார்.

“ஐயோ, கீழ வெட்டிடாதம்மா!” என்று அலறினாள் மகள். பீப்பாய் வெட்டின் உயிரே கணுக்காலில் சுருங்குவதுதான். அடியில் மூன்று இஞ்சை நறுக்கினால் போவது அந்தச் சுருக்கம்தான், மிஞ்சுவது அகலக் கால் பேண்ட். “நீ எங்க போட்டிருக்க? இடுப்புலயா, அதுக்குக் கீழயா?”

அவர் குனிந்து பார்த்தார். ஜீன்ஸ் இடுப்பெலும்பில்தான் நின்றது. மெக்குவீன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து அவர் இன்னும் ஏறவே இல்லை. பேண்ட் உயர்ந்த இடுப்புக்கென்று வெட்டியது; கவட்டுத் தையலிலிருந்து பட்டை வரை முன்பக்கமே பதினோரு இஞ்ச். அதை மூன்று இஞ்ச் தாழ்த்திப் போட்டால் முட்டிக்கான வீக்கம் கெண்டைக்கால் பக்கம் போகாமல் என்ன செய்யும்?

ஏற்றிப் பார்த்தார். எவ்வளவு ஏற்றுவது என்று பிடிபடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே வேடிக்கை பார்த்திருந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“பாவாடை நாடா எங்க கட்டுவ? அங்க கொண்டுபோய்ப் பட்டனைப் போடு.”

போட்டார். வீக்கம் முட்டியில் போய் உட்கார்ந்தது. கால்கூட நீண்டுவிட்டது போலிருந்தது.

இனி மேல்சட்டை. கீழே காற்று போனால் மேலே பிடிக்க வேண்டும் என்பது மகளின் விதி: பிடிப்பான டி-ஷர்ட்டை உள்ளே விடலாம், அல்லது சட்டையின் முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் செருகிப் பின்னால் தொங்கவிடலாம். இந்த இரண்டாவதற்கு ‘பிரெஞ்ச் டக்’ என்று பெயர். 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘குவியர் ஐ’ நிகழ்ச்சியில் டான் பிரான்ஸ் எதிர்ப்பட்ட ஆண்களுக்கெல்லாம் இதைச் செருகிவிட்டே பிரபலமாக்கினார்.

“முன்னாடி இழுத்துச் செருகறதுக்குப் பேரு பிரெஞ்சா?” என்றார் அம்மா. “அடுப்படியில அறுபது வருஷமா முந்தானையை அப்படித்தானே செருகிக்கிட்டு இருக்கேன்!”

காலுக்கு, பாதம் தெரிகிற மெல்லிய கோலாப்பூர் செருப்பு. மணல் கடிகாரங்கள் மறைந்து மனிதக் கால்கள் வந்தன.

அரங்கேற்றம் பிரதோஷத்தன்று, கபாலீஸ்வரர் கோயிலில். செருப்பு விடும் இடத்தில் வாங்கிய டோக்கனை வைக்கப் புடவையில் இடமில்லாத அம்மா, ஜீன்ஸின் வலப்பக்கப் பைக்குள் ஒட்டியிருந்த குட்டிப் பையைக் கண்டுபிடித்து உள்ளே தள்ளிவிட்டார். அந்தப் பைக்குப் பாரம்பரியம் உண்டு. நெவாடாவில் டெய்லராக இருந்த ஜேக்கப் டேவிஸும் சான் பிரான்சிஸ்கோ ஜவுளி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் 1873-இல் ரிவெட் அடித்த பேண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலேயே, சங்கிலிக் கடிகாரம் வைப்பதற்காக அது இருந்தது. பின்பக்கத்து இரண்டாவது பையே 1901-இல்தான் வந்தது. குட்டிப் பை அதற்கும் மூத்தது.

ஆனால் சங்கிலிக் கடிகாரத்துக்குச் சங்கிலி உண்டு, இழுத்தால் வந்துவிடும். டோக்கனுக்கு அது கிடையாது. தரிசனம் முடிந்து வந்து, விட்டுக்கொடுக்காத பருத்திக்குள் அவர் இரண்டு விரலைச் செலுத்தினால், போன விரல்களும் திரும்ப மறுத்தன. பின்னால் கூட்டம் சேர்ந்தது. “அங்கதான் வச்சேன், நல்லாப் பாரு” என்றார் அம்மா, உலகத்துக்கே கேட்கும்படி. கடைசியில் கொண்டை ஊசியால் நெம்பி டோக்கனை வெளியே எடுத்தார்கள்.

செருப்பு விடும் இடத்து அம்மாள் டோக்கனைப் பார்க்கவில்லை. அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டுச் செருப்பை எடுத்துப் போட்டாள்.

“பேண்ட்டு சூப்பராக்குதுக்கா. முட்டியாண்ட மட்டும் கொஞ்சம் புடிக்கச் சொல்லு.”