குள்ளப் படைவீரர்க்குப் பெயர்சூட்டு மரபு: நார்த்தாமலைச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மாயக்கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் இடுப்புயரக் கோடரியோடு உறுமிக்கொண்டு வரும் குள்ள வீரருக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியை நம் தமிழ்த்துறைகள் இன்றுவரை தொட்டுப் பார்க்கவில்லை. சங்க இலக்கிய நண்டுக்கே முனைவர் பட்டம் கிடைக்கக்கூடிய நாட்டில் இது நியாயமில்லை. இவ்வாய்வின் கருதுகோள் எளியது: அந்தப் பெயர்சூட்டு முறை முழுசாகக் கல்லில் வெட்டி நார்த்தாமலையில் கிடக்கிறது. மேலைநாட்டார் அதைப் பார்க்காமலேயே காப்பியடித்துவிட்டார்கள்.

முன்னாய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1937இல் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ‘தி ஹாபிட்’ நாவலில் 13 குள்ளரை இறக்கினார். தோரின், ட்வாலின், ஃபிலி, கிலி, பொம்பூர் என்று அவர்களின் பெயர்கள் அநேகமாக எல்லாம் ‘வோலுஸ்பா’ என்ற பழைய நார்ஸ் பாடலின் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்தவை. கந்தால்ஃப் என்பதும் அதே பட்டியலில் உள்ள குள்ளப் பெயர்தான். அதை மட்டும் ஒரு நெட்டைக் கிழவருக்குப் பட்டா மாற்றிக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ திரைக்கு வந்தது. கிரிம் சகோதரர்கள் பெயரில்லாமல் விட்ட ஏழு குள்ளருக்கும் அதில் பெயர் கிடைத்தது: தும்முகிறவர், தூங்குமூஞ்சி, சிடுமூஞ்சி இத்தியாதி. ஆக ஒரே ஆண்டில் 20 குள்ளருக்குப் பெயர்சூட்டு விழா நடந்திருக்கிறது. டிஸ்னியின் முறை நம் தெருமுனைப் பட்டப்பெயர் முறை. இதில் ஆராய ஒன்றுமில்லை. டோல்கீனின் முறைதான் நம்மைப் புதுக்கோட்டை பக்கம் இழுக்கிறது.

ஏனென்றால் டோல்கீனின் குள்ளர் தனியாகப் பெயர் சொல்ல மாட்டார். திரோரின் மகன் திராயின், திராயினின் மகன் தோரின் என்று வம்சத்தையே கூட்டிக்கொண்டு வருவார். மலையைக் குடைந்து மண்டபம் எடுப்பார். பொன் என்றால் உயிரை விடுவார்.

இனி புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில் நார்த்தாமலையில் இறங்குங்கள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை என்று மொட்டைப் பாறைகளாக எழும் குன்றுகளில் ஒன்றுக்குப் பெயர் பொன்மலை, இன்னொன்றுக்கு ஆளுருட்டிமலை. இந்த இரண்டு பெயர்களுக்காக எந்த விளையாட்டு நிறுவனமும் சொத்தை எழுதிக் கொடுக்கும். ஊருக்கே நகரத்தார்மலை என்ற வணிகர் பெயர்தான் மூலம் என்கிறார்கள். மலை இருக்கிறது, செட்டும் இருக்கிறது. குடைந்தவர் யார்?

மேலமலையில், விஜயாலய சோழீச்சரத்துக்கு எதிரே, பாறையில் வெட்டிய சிறிய குடைவரை ஒன்று உண்டு. பழியிலி ஈச்சரம். பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தகப்பன் பெயர், தன் பெயர், குடைவித்த வேலை, மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. சாத்தன் பழியிலியின் கையில் கோடரி கொடுத்தால் போதும். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இது தற்செயல் என்பாருக்குச் செந்தலைத் தூண் கல்வெட்டுகளைக் காட்டுவோம். குவாவன் மாறன், அவன் மகன் மாறன் பரமேச்சுரன், அவன் மகன் சுவரன் மாறன் என்று அங்கே முத்தரையர் வரிசை ஓடுகிறது. தாத்தா பெயர் பேரனிடம் திரும்பி வருவதைக் கவனிக்க. டோல்கீனின் குலமுதல்வன் துரினின் பெயரும் இப்படித்தான் பின்வந்த ஆறு வாரிசுகளுக்கு வந்து சேர்கிறது. சுவரன் மாறனுக்குச் சத்ருகேசரி என்ற பட்டமும் இருந்தது. ‘இரும்புமுட்டி’, ‘வெண்கலத்தாடி’ என்று இன்றைய விளையாட்டுகளில் வரும் பட்டங்களை இதன் பக்கத்தில் வைத்தால் அவை ஹார்டுவேர் கடைப் பலகை மாதிரி இருக்கின்றன.

ஒரு ஆட்சேபம் எழலாம். சாத்தன் பழியிலி குள்ளரா? குடைவரையின் அளவை வைத்துக் குடைவித்தவரின் உயரத்தைக் கணிக்க முடியுமா என்று நெடுநேரம் யோசித்துக் கைவிட்டோம். ஆனால் அவர் மகளும் கல்வெட்டில் இருக்கிறார்: பழியிலி சிறியநங்கை. ‘சிறிய’ என்பதை எதிராளிகள் ‘இளைய’ என்று பொருள் கொள்வார்கள், கொள்ளட்டும். நமக்கு முக்கியம் வேறு. டோல்கீன் தன் குள்ளர் குலத்தில் பெயர் சொல்லும் ஒரே பெண் தோரினின் தங்கை டீஸ். அவளும் வம்சாவளிக்கு வெளியே தலைகாட்டுவதில்லை. நார்த்தாமலையிலோ பெண் தன் பெயரில் பாறையிலேயே நிற்கிறார்.

அசல் குள்ளருக்கு நம் இலக்கியம் பெயர் வைத்ததா என்றால், அங்கே கொஞ்சம் தலைகுனிய வேண்டும். சிலப்பதிகாரத்தில் அரசியைச் சூழ்ந்து வரும் குறளருக்குப் பெயரில்லை. கலித்தொகையில் கூனியோடு வாயாடிக் காதலிக்கும் குறளனுக்கும் பெயரில்லை. பெயர் பெற்ற முயலகனோ ஆடவல்லான் காலடியில் கிடக்கிறான். பூதகணங்களிடம் போனால்தான் விடிவு. கோயில் கூரைவிளிம்புக்குக் கீழே குட்டைக்கால், பானை வயிறு, கையில் ஏதோ ஒரு வாத்தியம் என்று வரிசையாகக் குந்தியிருப்பவர்கள் சிவனின் படை. வயிற்றிலேயே முகம் உள்ளவரும் உண்டு. இவர்களில் புகழ்பெற்றவர் குண்டோதரன். மீனாட்சி கல்யாணச் சோற்றையெல்லாம் ஒரே ஆளாகத் தின்று தீர்த்தவர். அவர் தாகத்துக்காகவே வைகை வந்தது என்பது மதுரைக் கதை. வடக்கத்திக் குள்ளருக்குப் பெயர் தாடியில் தொடங்குகிறது, நம்மவருக்கு வயிற்றில். இந்த முடிவை இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பாகக் கருதுகிறோம்.

அடுத்து ஒலி. படைவீரன் பெயர் எழுத மட்டுமல்ல, கூப்பிடவும் வேண்டும். சாத்தன் ‘சாத்தா!’ ஆவான், மாறன் ‘மாறா!’ ஆவான், குண்டோதரன் ‘குண்டோதரா!’ ஆவான், கடைசி நெடில் எதிர்க்குன்றில் முட்டித் திரும்பும். தோரினைக் கூப்பிட்டால் ‘தோரினே’ என்று கெஞ்சலாக வருகிறது. ட்வாலினின் முதலெழுத்துக்குத் தொல்காப்பியர் அனுமதியே தரமாட்டார். அந்த 13 பேரில் இன்னொருவரான க்ளோயின் தமிழ் வாயில் கிலோயின் ஆகி எடைக்கல்லாகிவிடும்.

அவசரத்துக்கு நிறையப் பெயர் தேவைப்படுவோர் நம் ஊர் எல்லைகளைப் பார்க்கலாம். சங்கிலிக் கருப்பர், கோட்டைக் கருப்பர், பதினெட்டாம்படிக் கருப்பர், முன்னோடிக் கருப்பர்: ஆயுதம், காவல் எல்லை, படியின் எண்ணிக்கை, போகும் முறை என்று எதை முன்னால் வைத்தாலும் ஒரு வீரர் எழுந்து நிற்கிறார். கருப்பர் குள்ளரல்லர் என்பதை இங்கே பயபக்தியுடன் பதிவுசெய்கிறோம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். பெயருக்கு 12 எழுத்து மட்டுமே தரும் விளையாட்டுகள் உண்டு. விடேல்விடுகு என்பது தமிழாசிரியர் கணக்கில் 6 எழுத்து. ஒற்றையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் கணினிக் கணக்கில் சரியாக 12. தகப்பனார் கச்சிதமாக உள்ளே போய்விடுகிறார், முத்தரையன் என்ற பட்டத்தை வாசலில் விட்டுவிட்டு. மகன் சாத்தன் பழியிலி இடைவெளியோடு 15 வருகிறார். சாத்தனைக் கழற்றுவதா பழியிலியைக் கழற்றுவதா என்பதைப் பயனர் முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். குடைவித்த பெயர் பழியிலி என்பதால் எங்கள் சிபாரிசு அதற்கே.