ஓடாத காரின் பாடபேதங்கள்

ஓடாத ஊர்திகள் மூவகைப்படும்: நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். பெருமாள் கோயில்களுக்கு வழங்கும் இந்தப் பாகுபாடு பழைய காருக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்துவதை இதுவரை எந்த அறிஞரும் கவனிக்காதது துறையின் துரதிர்ஷ்டம். நான்கு டயரிலும் காற்றிருந்து, நாலு பேர் தள்ளினால் நகர்வது நின்ற கோலம். காற்றிறங்கி, ரிம் மண்ணில் பதிந்திருப்பது இருந்த கோலம். சக்கரங்கள் கழன்று செங்கல் அடுக்கின்மேல் பள்ளிகொண்டிருப்பது கிடந்த கோலம். விலையும் இந்த வரிசையிலேயே இறங்க வேண்டும் என்பது அறிவுக்குப் பொருந்தும். விற்பவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இங்கே ஆராயப்படுவது இருந்த கோலத்து ஊர்தி. இடம் கலசப்பாக்கம். ஆரணிப் பட்டு நெய்துகொண்டிருந்த ஒரு பழைய தறிக் கொட்டகை. தறிகள் போய்விட்டன, தறிக்குழி மட்டும் இருக்கிறது. வண்டியை அந்தக் குழிக்கு நேர் மேலே நிறுத்தியிருந்தார்கள். அது திட்டமா தற்செயலா தெரியவில்லை, ஆனால் நெசவாளி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த அதே இடத்தில் எங்கள் மெக்கானிக் உட்கார்ந்து, டார்ச் அடித்து, அண்ணாந்து சேஸைப் பார்க்க முடிந்தது. வாங்க நினைத்தவர் என் நண்பர். நான் ஆய்வாளன் என்ற முறையில் உடன் போனவன்.

முதலில் மூலநூல். வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை, சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் கட்டி விற்றது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே ரிப்பேர் பார்க்கலாம். தனி சேஸின்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய கட்டுமானம். இதே சேஸைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஆகவே ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க நினைப்பவரை முழு மூடர் என்று ஒதுக்க முடியாது. அவருக்கு மரபின் ஆதரவு உண்டு.

இனி இடைச்செருகல்கள். முதல் கை, கூரையை எடுத்திருக்கிறது. ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. ஸ்பேனர் போட்டுக் கழற்றிக் கீழே வைத்திருக்கலாம். இவர் கேஸ் கட்டரால் அறுத்திருக்கிறார். இரண்டாம் கை, 948 சிசியை எடுத்துவிட்டு மாருதி ஆம்னியின் 796 சிசி இன்ஜினைப் பொருத்தி, அதோடு நிற்காமல் பக்கவாட்டில் ‘ஸ்பிட்ஃபயர்’ என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறது. வேகத்துக்காக இன்ஜினைச் சிறிதாக்கியவர் உலக மோட்டார் வரலாற்றில் அரிதாகத்தான் இருப்பார். மூன்றாம் கைதான் கொடியது. அந்த இன்ஜின் பெட்ரோலை இன்ஜெக்டரில் தெளிக்கும் வகை. அதற்கு மூளையான ஈசியூ பெட்டியைக் காணோம். அது இல்லையே என்ற கவலையே இல்லாமல், தகடு வெட்டி, எம்-சீல் பிசைந்து ஒரு கார்புரேட்டரை ஒட்டியிருக்கிறார்கள். எம்-சீலில் பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. ஆசிரியர் பெயர் தெரியாத நூலில் கைரேகையாவது கிடைத்ததே என்று குறித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் துறையின் மையச் சிக்கல் இருக்கிறது. சாதாரணக் கார் ஓடாமல் நின்றால் அதற்கு விடை எங்கோ இருக்கிறது. அதே மாதிரி ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கும். ஒயரிங் படம் கிடைக்கும். எவருடைய வண்டியையாவது பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடலாம். மாற்றிக் கட்டிய கார் அப்படியல்ல. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒப்பிட்டுப் பார்க்கப் பல ஏடுகள் இருந்தன. மூன்று கை மாறிய இந்த ஹெரால்டுக்கு உலகிலேயே ஒரு பிரதிதான். சிவப்பு ஒயர் ஏன் டிக்கிக்குப் போகிறது என்பதைப் போட்டவர் ஒருவரே அறிவார். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பது விற்பவருக்கும் தெரியாது. “ஏன் ஓடவில்லை” என்று கேட்பது மெக்கானிக் வேலை. “யார், எப்போது, எதற்காக இதைச் செய்தார்” என்று கேட்பவரே வாங்கத் தகுதி பெறுகிறார். பதில் கிடைக்காவிட்டால் விலையில் பாதியைக் கழிக்கலாம்.

விற்பவரிடம் ஒரு தலபுராணமும் இருந்தது. “சோழவரத்துல ரேஸ் ஓடின வண்டிண்ணே.” கூரை அறுத்த எந்தக் காரும் வடதமிழ்நாட்டில் சோழவரத்தில் ஓடாமல் இருந்ததில்லை, ராமர் கால் வைக்காத ஊர் இல்லை என்பதைப்போல. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்ததும் அங்கே இடம் மாறின. இன்ஜெக்டர் வைத்த ஆம்னி அதற்குப் பிந்தியது. வண்டி ஓடியிருக்கலாம், இந்த உருவில் ஓடவில்லை. “அதான் சொல்றேன், அப்ப வேற இன்ஜின்” என்றார் அவர். புராணத்தை வெல்ல முடியாது.

அடுத்து கல்வெட்டியல். ஆர்டிஓ ஆபீசில் செய்வதுபோல சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்தோம். துரு தட்டி, துணியால் துடைத்து, மெல்லிய தாளை எண்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தன. கடைசிக்கு முந்தியது ‘3’. ஆர்சி புத்தகத்தில் ‘8’. துரு தின்ற எட்டா, எழுத்தர் வளைத்த மூன்றா என்று அரைமணி நேரம் வாதிட்டோம். மெக்கானிக் குழிக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னார்: “எட்டுன்னே வச்சிக்குங்க, வித்தவருக்கும் நல்லது.”

சட்டமும் ஒரு வகையில் பதிப்பாசிரியர்தான், அதிலும் கண்டிப்பானவர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. சரி, ஐம்பது வயது தாண்டிய வண்டிதானே, பழம்பெருமைக்கென 2021 ஜூலையில் வந்த விதியில் பதிவுசெய்யலாமே என்றார் நண்பர். இருபதாயிரம் ரூபாய் கட்டணம், ‘விஏ’ என்று தனி எண் வரிசை, பத்தாண்டுக்குச் செல்லும். எல்லாம் உண்டு. ஆனால் வண்டி மூல உருவில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. ஆக, இந்த ஹெரால்டு புதுவண்டி ஆகவும் வழியில்லை, கிழவண்டி ஆகவும் வழியில்லை.

வாங்கலாம் கட்சியின் வலுவான வாதம் திருவாரூர். 96 அடி உயரம், சுமார் 300 டன். 1948க்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் நின்றிருந்த ஆழித்தேர் 1970இல் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக் கொடுத்தது. ஓடாத, பழைய, மாற்றிக் கட்டிய வண்டி ஓடியதற்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் இல்லை. என் மறுப்பு ஒன்றே: தேருக்கு இன்ஜின் கிடையாது, இழுக்க ஊரே வரும். நண்பருக்காக இழுக்க நானும் அவர் மச்சானும்தான்.

கலசப்பாக்கத்துக்கு இன்னொரு ஊர்தியோடும் தொடர்பு உண்டு. ரத சப்தமியன்று அண்ணாமலையார் இங்கே செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். அது சூரியன் தேர் திரும்பும் நாள். ஒற்றைச் சக்கரம், ஏழு குதிரை, தொடையே இல்லாத சாரதி. எந்த ஆர்டிஓவும் எஃப்சி தர மாட்டார். அதுதான் ஒருநாளும் பிரேக்டவுன் ஆகாத வண்டி.

ஏற்றிச் செல்வதும் ஆராயத்தக்கது. குட்டி யானையின் தொட்டி ஏழடி, ஹெரால்டு பன்னிரண்டே முக்கால் அடி. பெரிய வண்டி பிடித்தால் அந்த வாடகையும் விலைதான். விற்பவர் சொன்ன எண்பதாயிரத்தில் அது அடங்காது.

கடைசிச் சோதனை. மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு ஊற விட்டார். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி மெல்ல அழுத்தினார். முனகியது. கால் வட்டம் சுற்றியது. “ஜாம் இல்ல” என்றார். நான் நண்பரைப் பார்த்தேன். சேஸ் நம்பர், 52ஆம் பிரிவு, எம்-சீல், குட்டி யானை எல்லாம் அந்தக் கால் வட்டத்தில் அவரை விட்டுப் போயிருந்தன. முடிவு முன்பே ஆகிவிட்டிருந்தது. இவ்வளவு ஆராய்ச்சியும் வீட்டில் சொல்வதற்கான பாயிரம்.

அப்போதுதான் கொட்டகை மூலையில், பாவு நூல் சிக்கிக் கிடந்த ஒரு கோணிக்கடியில், கனமான இரும்பொன்று கண்ணில் பட்டது. கோணியை விலக்கினால் ஹெரால்டின் பழைய 948 சிசி இன்ஜின். முழுசாக, கார்புரேட்டரோடு. மூலபாடம்! நான் பரவசத்தில் வாய் திறப்பதற்குள் விற்பவர் கோணியை மறுபடி இழுத்து மூடினார்.

“அது தனி ரேட்டுண்ணே.”

“எவ்ளோ?” என்றார் நண்பர்.