கட்டிலுக்கு ஆணி அடிக்கலாமா, ஐயா?

அனுப்புநர்:
பதினான்கு அடி லாரி ஒன்றின் உரிமையாளர்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்
(ஊர் குறிப்பிடவில்லை. எந்த ஊரில் கேட்டாலும் ஒரே பதில்தான் என்று கேள்வி.)

பொருள்: சரக்கு லாரிக்குள் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொள்ள அனுமதி கோருதல், கிடையாதென்றால் ஏன் கிடையாது என்று எழுத்தில் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. (பலமுறை பார்த்தாகிவிட்டது.)

ஐயா,

மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில், என்னிடம் ஒரு ஐச்சர் லாரி இருக்கிறது. சின்ன வெங்காயமும் கோழித் தீவனமும் சுமந்தே காலம் தள்ளிய வண்டி. எஞ்சின் இன்னும் நாணயமாக ஓடுகிறது. வாடகைதான் டீசலுக்குக் கட்டவில்லை. விற்கப் போனால் புரோக்கர் சொல்லும் விலையை வண்டியின் முன்னால் வைத்துச் சொல்ல மனசு வரவில்லை. ஆகவே நானும் என் வீட்டுக்காரியும் ஒரு யோசனைக்கு வந்தோம். தொட்டிக்குக் கூரை போட்டு, ஜன்னல் வெட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, தேசம் சுற்றக் கிளம்பிவிடுவது. பாடி கட்ட வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு லாரிப் பட்டறை மேல்தான் விழும். தச்சர், வெல்டர், பெயின்டர், சீட் தைப்பவர் எல்லாரும் ஒரே சாலையில் கிடைப்பார்கள்.

ஆள் இருக்கிறது, வண்டி இருக்கிறது, காசும் ஓரளவு இருக்கிறது. இல்லாதது தங்கள் கையெழுத்து ஒன்றுதான்.

அதை எப்படி வாங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் சட்டத்தைப் படித்தேன். தயாரித்த கம்பெனி முதலில் சொன்னதற்கும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கும் வேறுபாடு வரும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52-இன் முதல் உட்பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. தலைவணங்குகிறேன். ஆனால் அதே பிரிவில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால், பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் மாற்றம் செய்திருந்தால் பதினான்கு நாளுக்குள் அதைத் தெரிவித்து, கட்டணம் கட்டி, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும் என்று மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. காதல் கல்யாணம் கூடவே கூடாது என்று குதிக்கும் அப்பாவும், பண்ணிக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் வந்து காலில் விழுந்துவிடு என்று கிசுகிசுக்கும் அம்மாவும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. நான் லாரியை ஓட்டிக்கொண்டு தங்கள் வாசலுக்கு வந்தால், கதவைத் திறப்பது அப்பாவா, அம்மாவா?

தைரியமாகச் செய்துவிட்டு அபராதத்தைக் கட்டிவிடலாமென்றும் கணக்குப் போட்டேன். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய், அல்லது இரண்டும் என்கிறது. அந்த ‘ஒன்றுக்கு’ என்பதில்தான் சந்தேகம். கட்டிலுக்கு ஐயாயிரம், அடுப்பு மேடைக்கு ஐயாயிரம், சரி. ஜன்னலை ஜோடியாக வெட்டினால் ஒன்றா, இரண்டா? மேல்கட்டில், கீழ்க்கட்டில் என்று அடுக்கினால்? கொசுவலை கட்டுவதற்கு அடித்த நாலு கொக்கிக்கு இருபதாயிரமா? ஆறு மாதச் சிறையைப் பொறுத்தவரை எனக்கு ஆட்சேபம் குறைவு. படுக்கை, சாப்பாடு, கழிவறை எல்லாம் ஒரே சின்ன அறைக்குள் சர்க்காரே கட்டித் தருகிறது. நான் கேட்பதும் கிட்டத்தட்ட அதேதான், கீழே சக்கரம் மட்டும் கூடுதல்.

ஒரு வழக்கறிஞர் நண்பர் குறுக்கு வழி ஒன்று சொன்னார். கட்டிலை லாரியில் ஏற்றலாம். அடுப்பு, பீரோ, அண்டா குண்டா எல்லாம் ஏற்றலாம். அதற்குப் பெயர் வீட்டுச் சாமான், அதாவது சரக்கு. புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் கூடத் தேவையில்லை. அதே கட்டிலைத் தரையோடு சேர்த்து ஒரு போல்ட் முடுக்கினால் அது மாற்றம், குற்றம். ஆக, ஆடிக்கொண்டு கிடக்கும் கட்டில் சட்டப்படி சரி. ஆடாமல் இறுக்கிய கட்டில் தவறு. இந்த வழியில் போனால் நான் காலம் பூராவும் வீடு மாற்றிக்கொண்டே இருக்கும் குடித்தனக்காரனாக இருக்க வேண்டும். எந்த செக்போஸ்டில் கேட்டாலும், ‘புது வீட்டுக்குப் போறோமுங்க’ என்பேன். ‘எந்த ஊரு?’ என்றால், ‘இன்னும் முடிவாகலைங்க.’ அப்போதும் பின்னால் சாமானோடு சாமானாக வீட்டுக்காரி படுத்திருந்தால் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிய குற்றம் வரும். அவரை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, படுக்கும்போது மட்டும் வண்டியை நிறுத்திக்கொள்ள நான் தயார்.

லாரிக்குள் குடித்தனம் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த பாவம் இல்லை, ஐயா. தங்கள் ஆட்கள் எஃப்.சி. பார்க்கும் ஒவ்வொரு லாரியிலும் ஒரு குடித்தனம் நடக்கிறது. சங்ககிரியில் கிளம்பும் டிரைவர் குவாஹாட்டி போய்த் திரும்பும்வரை அவருக்கு வீடு அந்த கேபின்தான். சீட்டுக்குப் பின்னால் படுக்கை, தலைமாட்டில் சாமி படம், குறுக்கே கட்டிய கயிற்றில் துவைத்த லுங்கி, பக்கவாட்டுப் பெட்டியில் அரிசியும் புளியும் மிளகாய்த்தூளும், கீழே தண்ணீர் கேன். சாயங்காலம் சாலையோரம் வண்டி நின்றதும் கிளீனர் ஸ்டவ்வைப் பற்றவைப்பார். அந்தக் கேபினுக்கு ஏசி வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியதே இப்போதுதான்: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு அது கட்டாயம். அதுவரை எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டு தூங்கியவர்களை எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் எழுப்பி, ‘இது வீடா, வண்டியா?’ என்று கேட்டதில்லை.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளைத் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. லாரி சேஸ் மேல் துளைபோடும் ரிக்கை ஏற்றி, துணைக்கு இன்னொரு லாரி, அதில் ராடு, டீசல், அரிசி மூட்டை, ஆட்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். உண்பதும் உறங்குவதும் வண்டியிலேயே. பூமியை எழுநூறு அடிக்குத் துளைக்கும் இயந்திரத்தை லாரி மேல் நட்டால் அதற்கு வாகனப் பட்டியலில் மரியாதையாக ஓர் இடம் இருக்கிறது. ஆறடி மெத்தையை நட்டால் இல்லை. பிழைப்புக்காக வேறு வழியில்லாமல் லாரியில் படுத்தால் அது தொழில். ஆசைப்பட்டு, மெத்தை போட்டுப் படுத்தால் அது மீறல். இப்படித்தான் எனக்குப் புரிகிறது. தவறென்றால் திருத்தவும்.

அந்தப் பட்டியலையும் பார்த்தேன். 2004-இல் மத்திய அரசு வெளியிட்டது. படிக்கப் படிக்கத் தாராள மனசு தெரிகிறது. நடமாடும் உணவகம் உண்டு, எக்ஸ்-ரே வேன் உண்டு, நூலக வேன் உண்டு, பணம் ஏற்றும் வேன் உண்டு, விலங்குகளுக்கான ஆம்புலன்ஸ் உண்டு, அமரர் ஊர்தி உண்டு. அதாவது ஒருவர் வண்டிக்குள் கால் நீட்டிப் படுப்பதில் அரசுக்கு ஆட்சேபமில்லை. கொஞ்சம் சீக்கிரமாக, உயிரோடு இருக்கும்போதே படுக்க ஆசைப்படுவதுதான் சிக்கல். இன்னும் வேடிக்கை, ‘சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்’ என்ற வகையும் அதே பட்டியலில் இருக்கிறது! மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இருக்கிறது. பந்தியில் இலை போட்டிருக்கிறது, பேரும் எழுதியிருக்கிறது. ஆனால் உள்ளே வரும் வாசல், புது சேஸ் வாங்கி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பாடி கட்டி, புனேயிலோ ஒரகடத்திலோ உள்ள சோதனை மையத்தில் மாதிரி வண்டிக்கு ஒப்புதல் வாங்குகிறவர்களுக்கு. நூறு வண்டி செய்து விற்கிற ஆலைக்கு அது நியாயமான வாசல். பழைய லாரியோடு தனியாக வரும் ஒருத்தன் நுழைய அதில் ஒரு திட்டிவாசல்கூட வைக்கவில்லை.

சொந்த வண்டியை வீடாக்கியவர்களில் சிலர் கோட்டைக்கே போயிருக்கிறார்கள். 1982-இல் என்.டி. ராமாராவ் ஒரு பழைய செவர்லே வேனை மாற்றி, சைதன்ய ரதம் என்று பெயரிட்டு, அதிலேயே ஆந்திரம் முழுக்கச் சுற்றினார். 1983 ஜனவரியில் முதலமைச்சர். 1990-இல் அத்வானி சோமநாத்தில் கிளப்பிய ரதமும் அடியில் ஒரு டொயோட்டாதான். இன்றைக்கும் தேர்தல் வந்தால் கூரையைத் திறந்து தலைவர் மேலெழும்பிக் கையசைக்கும் வேன்கள் ஊர் ஊராக வருகின்றன. அந்தத் துளைகளுக்கெல்லாம் முறைப்படி அனுமதி வாங்கியிருப்பார்கள் என்றே மனமார நம்புகிறேன். நான் கட்சி தொடங்கினால்தான் கட்டிலுக்கு அனுமதி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். கொடிக்கு நிறம் யோசித்து வைக்கிறேன்.

பக்கத்து மாநிலத்தில் 2021-இல் நடந்ததும் நினைவிருக்கும். வேனை மாற்றி அதிலேயே ஊர் சுற்றிய இரண்டு சகோதரர்களின் வண்டியை ஆகஸ்டில் கண்ணூரில் பிடித்தார்கள். போக்குவரத்து அலுவலகத்துக்குள் அவர்கள் செய்த ரகளைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதே ஆண்டில்தான் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது.

பிரிட்டனில் ஸ்வான்சி நகரிலிருக்கும் வாகனப் பதிவு அலுவலகம் தங்களுக்குத் தங்கை முறையாக வேண்டும் போலிருக்கிறது. அங்கே வேனை வாங்கித் தானே வீடாக்குவது பெரிய பொழுதுபோக்கு. உள்ளே உட்கார இருக்கை, மேசை, படுக்கை, சமைக்க வசதி, பொருள் வைக்க இடம் இருக்க வேண்டும் என்கிறார்கள். அது நியாயம். அதோடு நின்றார்களா? போக்குவரத்து நடுவே பார்த்ததும் அது மோட்டார் கேரவன் என்று தெரிய வேண்டுமாம்: ஒரு பக்கத்திலாவது இரண்டு ஜன்னல், வீட்டுப் பகுதிக்குத் தனிக் கதவு, இரு பக்கமும் கேரவன் பாணிச் சித்திரம், வெளியே நிழல்துணி கட்டும் கம்பி, உயரமான கூரை. இவையில்லாவிட்டால் உள்ளே அரண்மனையே கட்டியிருந்தாலும் பதிவேட்டில் ‘ஜன்னல் வைத்த வேன்’ என்றுதான் எழுதுவார்கள். இதை எதிர்த்து அங்கே ஏகப்பட்ட புலம்பல். எனக்கோ பொறாமையாக இருக்கிறது. அவர்கள் சண்டை வண்டிக்கு என்ன பெயர் எழுதுவது என்பதோடு முடிகிறது. சித்திரம்தான் வேண்டுமென்றால் எங்கள் பெயின்டர்கள் மயில், தாமரை, பசுவும் கன்றும் என்று வரைந்து ஸ்வான்சியையே அசத்திவிடுவார்கள்.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். தங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பின்பக்கம் திறக்காத படுக்கை பஸ்கள் தீப்பிடித்து ஆட்கள் மாண்ட செய்திகளை நானும் படிக்கிறேன். லாரிக்குள் பிளைவுட்டும் ஸ்பாஞ்சும் கேஸ் சிலிண்டரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதவன் கையில் டிரில்லிங் மிஷின் கொடுக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் படியும். ஆகவே சிலிண்டர் வெளிப்பக்கம் திறக்கும் தனிப்பெட்டியில் இருக்க வேண்டும், பெட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ; அதை ஒரே பக்கத்தில் வைத்தால் வளைவில் வண்டி சாயும், அச்சுக்குப் பக்கத்தில் நடுவாக வைக்க வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் முழுப்பலகை ஒன்றே முப்பது கிலோவுக்கு மேல் இழுக்கும். பத்துப் பலகையை அடித்தபிறகு எடைமேடையில் ஏற்றிப் பார்க்காதவன் எஃப்.சி.க்கு வரக் கூடாது. பேட்டரிக்கு ஃபியூஸ், வண்டி ஓடும்போது ஆள் உட்காரும் ஒவ்வொரு இருக்கைக்கும் சேஸோடு பிணைத்த பெல்ட், படுக்கையிலிருந்து வெளியே குதிக்கும்படி இரண்டாவதாக ஒரு வழி, தீயணைப்பான். இந்தத் தீயணைப்பான் எஃப்.சி. அன்று மட்டும் பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்குகிற வகையாக இல்லாமல் சொந்தமாக இருக்கட்டும்.

இவ்வளவும் ஒரு பக்கத் தாளில் அடங்கும். ஆனால் அந்தத் தாள் இல்லாததால் நடப்பது என்ன? ஆசைப்பட்டவன் செய்யாமல் விடுவதில்லை. ஒளித்துச் செய்கிறான். எஃப்.சி.க்கு முன்தினம் கட்டிலைக் கழற்றுகிறான், மறுநாள் மாட்டுகிறான். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் கேஸ் இணைப்பு தளர்கிறது, போல்ட் தேய்கிறது. யாரும் சோதிக்காத வண்டியில் அவன் பிள்ளைகளோடு மலை ஏறுகிறான். பாதுகாப்புக்காகப் போட்ட தடை, பார்த்திருக்க வேண்டிய வண்டியை அதிகாரியின் கண்ணுக்கே காட்டாமல் செய்துவிட்டது.

குறிப்பிட்ட காரணத்துக்காக மாற்றங்களுக்கு மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்று அதே பிரிவு 52-இல் ஒரு வரி இருக்கிறது. எனவே தாங்கள் இந்த விண்ணப்பத்தை உரிய வழியில் மேலே அனுப்பி, சொந்த உபயோகத்துக்காகத் தனி ஒருவர் ஒரே ஒரு பழைய வண்டியை மாற்றும்போது கட்டுமுன் ஒருமுறை வரைபடத்தைப் பார்த்து, கட்டியபின் எடைமேடையிலும் பிரேக் சோதனையிலும் ஏற்றி, கேஸையும் பெல்ட்டையும் கதவையும் சோதித்து, சரியாக இருந்தால் ஆர்.சி.யில் ‘சொந்த உபயோகக் கேம்பர் வேன்’ என்று எழுதிக் கொடுக்க ஒரு விதி வகுக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் எவ்வளவானாலும் கட்டத் தயார். ஒவ்வொரு கொக்கிக்கும் தனித்தனி ரசீதாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரிக்காரன்.