பழியைப் போடு பெங்குவின் மேல்

2003 மார்ச். மைக்ரோசாப்ட் மகாராஜா ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் ம்யூனிக் நகராட்சி விண்டோஸைக் கைகழுவப் போகிறது என்று சேதி வர, சறுக்குக் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேயர் கிறிஸ்டியன் ஊடேவைப் பார்க்க ஓடினார். விலையைக் குறைத்தும் பார்த்தார்கள். ஊடே மசியவில்லை. சுமார் 14,000 கணினிகளுக்கும் இனி இலவசத் திறமூல இயங்குதளமான லினக்ஸ் என்று மே மாதம் நகர்மன்றம் முடிவு கட்டியது.

துணிச்சல்தான். ‘ஐபிஎம் வாங்கி வேலை போனவன் இல்லை’ என்பது ஐ.டி. உலகின் வேதவாக்கு. காசு கொடுத்து வாங்கியது படுத்துக்கொண்டால், “கம்பெனிக்காரனுக்குச் சொல்லியாச்சு சார்” என்று காபி குடிக்கப் போகலாம். இலவசமாக இறக்கியது படுத்தால், “யாரைக் கேட்டுய்யா இறக்கினே?” மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

லினக்ஸ் மருமகளுக்கும் அதே கதிதான். நகராட்சிக்குள் ஏகப்பட்ட ஐ.டி. பிரிவுகள், ஒவ்வொன்றும் தனி சமஸ்தானம். பத்து வருஷம் இழுத்து 2013இல் வேலை முடிந்தது. பிரிண்டர் மக்கர் பண்ணினால் பழி லினக்ஸின் சின்னமான பெங்குவின் மேல். மெயில் வரவில்லையா, பெங்குவின். வெளியிலிருந்து வந்த வேர்டு கோப்பு கோணல்மாணலாகத் திறந்தாலும் பெங்குவின். இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு.

2014இல் புது மேயர் டீட்டர் ரைட்டர். ஊடேயின் கட்சிக்காரர்தான், ஆனால் மைக்ரோசாப்ட் ரசிகர் என்று வெளிப்படையாகவே பேர் எடுத்தவர். 2016இல் மைக்ரோசாப்டின் ஜெர்மன் தலைமையகமும் ம்யூனிக்குக்கே குடிவந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது நம் வேலையில்லை.

அதே வருஷம் ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சர் நகராட்சியின் ஐ.டி.யை ஆராய்ந்து சொன்னது: பெரிய கோளாறு நிர்வாக அமைப்பில். மைக்ரோசாப்டோடு கூட்டு வியாபாரம் செய்யும் கம்பெனியே இப்படிச் சொன்னது! சரி, நிர்வாகத்தில் கோளாறு என்று தெரிந்ததும் முதலில் எதை மாற்றத் தீர்மானித்தார்கள்? இயங்குதளத்தை. 2017இல் மறுபடி விண்டோஸுக்கு ஓட்டு. 2020இல் நகராட்சியில் ஆட்சிக்கு வந்த கூட்டணியோ, முடிந்த இடமெல்லாம் திறமூலமே என்று எழுதி வைத்தது.

பழி சுமக்க யாராவது உண்டா என்றால், லினக்ஸ் உரிமத்தில் ‘உத்தரவாதம் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. விண்டோஸ் உரிமமும் ஒன்றும் கர்ணன் இல்லை. நஷ்ட ஈடு, பொதுவாக நீங்கள் கொடுத்த காசு வரைதான். மென்பொருள் வாங்கும் அடுத்த கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அந்தப் பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் சார்.